மருந்தென்று பெயரிட்டால் ஊன் ஊனல்லாது போகுமோ?

கடந்த ஆனி மாத இறுதியில், அமெரிக்காவில் வாழும் எம் மைந்தன் தன் நண்பர் ஒருவரிடம் இரண்டு டப்பாக்களைக் கொடுத்தனுப்பினான். ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்கு அருகில் நின்றுகொண்டு அந்த நண்பர் வழி கேட்க, எம் துணைவரே மெல்ல நடந்து சென்று அவற்றைப் பெற்று வந்தார். மெல்ல நடந்து என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எழுபத்தெட்டு வயது நிறைந்த அவருக்கு மூன்று ஆண்டுகளாக இரு முழங்கால்களிலும் வலி. பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை ஆண்டுதோறும் தரிசித்து வந்தவர், இம்மூன்று ஆண்டுகளும் அடிவாரத்தில் நின்று மேல்நோக்கிக் கைகூப்பித் திரும்பியவர். அக்குறை அவர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது என்பதை உடன் வாழ்ந்த யாம் அறிவோம்.

டப்பாவின் மேல் பசும்புல் வெளியின் படம் ஒன்று இருந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கென்றே செய்யப்பட்டது என்றும், மூட்டு, தசை, தோல், தலைமுடி ஆகிய யாவற்றிற்கும் உறுதி தருவது என்றும் எழுதியிருந்தது. பெயர் கொலாஜன். நாளும் ஒரு கரண்டி அளவு எடுத்து நீரிலோ பழச்சாற்றிலோ கலந்து பருக வேண்டும். எம் துணைவர் அதனை நெல்லிச்சாற்றில் கலந்து காலைதோறும் பருகினார். நாற்காலியில் அமர்ந்தபடியே காலை நீட்டி மடக்கும் பயிற்சியையும் மைந்தன் தொலைபேசி வழியே கற்றுத் தந்திருந்தான். அதனையும் தவறாது செய்தார். நாற்பது நாள் கழிந்தபோது மாடிப்படிகளைக் கைப்பிடி பற்றாமல் ஏறினார். இல்லத்தில் அனைவருக்கும் பெருமகிழ்ச்சி.

ஆவணியில் ஒருநாள், டப்பாவில் எவ்வளவு எஞ்சியுள்ளது எனப் பார்க்க எடுத்த யாம், பின்புறத்தில் அச்சிட்டிருந்த சிற்றெழுத்தைக் கண்ணாடி அணிந்து படித்தோம். புல் மேய்ந்த மாட்டின் தோலிலிருந்து எடுத்தது என்று அங்கே இருந்தது. மைந்தன் 'புல்' என்ற சொல்லை மட்டும் கண்டிருக்கிறான். அதை மேய்ந்தது எது என்பதைக் காணவில்லை. அவனை மட்டும் குறை சொல்வானேன்? முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி அளித்த யாமும் நாற்பது நாள்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி எழுதப்போவதை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினோம். அன்று யாம் அவரிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஒன்பது நாள்கள் வாய் திறவாமல் இருந்தோம். காலைதோறும் நெல்லியைப் பிழிந்து சாற்றை யாமே எடுத்து வைத்தோம். படியேறும் அவருடைய கால்களைப் பார்க்கும்போதெல்லாம், அறியாமல் உண்பவருக்குக் குற்றமில்லை, அறிவித்தாலன்றோ குற்றம் என்று மனம் ஒரு நியாயத்தை நெய்தது. மனம் நெய்யும் நியாயங்களைப் போல் நுண்ணிய நெசவு காஞ்சியிலும் இல்லை. பத்தாம் நாள் தசலட்சண பருவத்தின் மூன்றாம் நாள், உத்தம ஆர்ஜவம். உள்ளமும் சொல்லும் செயலும் ஒன்றாய் இருத்தல் பற்றி நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுமாறு எம்மைக் கேட்டிருந்தார்கள். அன்று காலை சாறு பிழியக் கை எழவில்லை. டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன் வைத்து அந்த வரியைப் படித்துக் காட்டினோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, எத்தனை நாளாய் உனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். ஒன்பது நாள் என்றோம். எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து, கிழக்கு நோக்கி அமர்ந்தார். அன்று பகல் உணவு கொள்ளவில்லை. எம்மையும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இல்லத்தில் இதுபற்றிய பேச்சு ஓயவில்லை. மைந்தன் ஒரு பக்கம், கல்லூரியில் பயிலும் பெயர்த்தி ஒரு பக்கம், அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற அலுவலர் ஒரு பக்கம் என ஆளுக்கொரு வினா எழுப்பினார்கள். இத்தகைய டப்பாக்கள் இன்று நம்மவர் பலருடைய இல்லங்களிலும் நுழைந்துவிட்டன. உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞரும், வழுக்கை கண்டு வருந்தும் நடுவயதினரும், மூட்டு தேய்ந்த முதியோரும் இவற்றை வாங்குகின்றனர். ஆகவே எம் இல்லத்து வினாக்களை இவ்விதழ் அன்பர்கள்முன் வைக்கிறோம்.

முதலில் இப்பொருள் யாது என்பதை அறிதல் நலம். கொலாஜன் என்பது ஒருவகைப் புரதம். நம் உடலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுவே. தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் ஆகியவற்றைக் கட்டி நிறுத்துவது இது. தச்சர்கள் முன்பு மரத்தை ஒட்டக் காய்ச்சிய வச்சிரப் பசை, விலங்குத் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுத்த இதே பொருள்தான். கொலாஜன் என்ற சொல்லின் வேரும் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே. ஊனுடம்பு உடைய உயிர்களிடத்து மட்டுமே இஃது உண்டு. மரத்திலோ, கொடியிலோ, பருப்பிலோ கொலாஜன் இல்லை.

இதன் அமைப்பை உலகுக்கு முதலில் காட்டியது நம் சென்னை என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராக 1952-இல் பொறுப்பேற்ற கோ. நா. இராமச்சந்திரன், அப்போது முப்பது வயதினர். அவரும் கோபிநாத் கர்த்தாவும் அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணைகொண்டு, கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர் பாய்ச்சி ஆராய்ந்து, 1954-இலும் 1955-இலும் 'நேச்சர்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறு போல் அமைந்துள்ளன என்பதே அம்முடிவு. பெண்பிள்ளைகளுக்கு மூன்று கால் எடுத்துச் சடை பின்னுவதை எண்ணிக்கொள்ளலாம். ஒரு வேற்றுமை, சடையில் நடுவே இடைவெளி இருக்கும், இதில் இராது. அந்த நெருக்கத்தில் புகத்தக்கது மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசின் ஒன்றே ஆதலால், சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் கண்ணியும் கிளைசினாகவே இருக்கிறது. அடையாறு நிலையத்தின் அரங்கம் ஒன்று இன்றும் அந்த முப்புரிக் கண்டுபிடிப்பின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தனை உறுதியான கயிற்றைத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பிரிப்பது எளிதன்று. எலும்பை நொறுக்கி அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்குவர். பின்னர் வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் கிடத்துவர். அதன்பின் வெந்நீரில் கரைத்து வடித்தால் கிடைப்பது ஜெலட்டின். ஜெலட்டினை நொதிகளைக் கொண்டு மேலும் சிறு துண்டுகளாக வெட்டினால், நீரில் கரையும் மணமற்ற வெண்பொடி கிடைக்கும். மாடு, பன்றி, மீன் ஆகிய எதிலிருந்து எடுத்தாலும் பொடி ஒன்றுபோலவே தோன்றும். டப்பாவில் இருப்பது அதுவே. சுவையில்லை, வாடையில்லை, பார்வைக்கு அரிசிமாவை ஒக்கும். நம் முன்னோர் ஊனை விலக்கியபோது கண்ணும் மூக்கும் அவர்களுக்குக் காவலாய் இருந்தன. இன்று அவ்விரு காவலரும் ஓய்வு பெற்றுவிட்டனர். எழுத்தறிவு ஒன்றே எஞ்சியுள்ளது, அதுவும் சிற்றெழுத்தில்.

இப்பொடி பயன் தருமா என்ற வினாவை அறத்தின் பெயரால் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. பயனே இல்லாத ஒன்றை விலக்குவதில் துறவு யாது? ஆதலால் அறிந்தவற்றைச் சொல்லுகிறோம். 2015-இல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள், தசை நலிந்த 53 முதிய ஆண்களைப் பன்னிரண்டு வாரம் எடை தூக்கும் பயிற்சியில் ஈடுபடுத்தினர். ஒரு சாராருக்கு நாளும் 15 கிராம் கொலாஜன் பொடியும், மறு சாராருக்குப் புரதமற்ற வெறும் பொடியும் கொடுத்தனர். இரு சாராருக்கும் வலிமை கூடிற்று. கொலாஜன் உண்டவர்க்குச் சற்று மிகுதியாகக் கூடிற்று. ஆண்களுக்கான விளம்பரங்கள் பெரிதும் சுட்டிக்காட்டுவது இவ்வாய்வையே. ஆயின் ஒப்புநோக்கியது வெறும் பொடியோடு. பாலோடோ பருப்போடோ ஒப்புநோக்கவில்லை. ஆகவே கூடுதல் பயன் கொலாஜனால் வந்ததா, எப்புரதத்தை உண்டிருந்தாலும் வந்திருக்குமா என்பதற்கு அவ்வாய்வில் விடையில்லை. தோல் சுருக்கத்தைப் பற்றி 23 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 1,474 பேரையும் ஒருசேரத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2025-இல் வெளியாயிற்று. நிறுவனங்களின் பொருளுதவி பெற்ற ஆய்வுகளில் பயன் தெரிந்தது. பெறாத ஆய்வுகளில் தெரியவில்லை. இதற்கு உரை வேண்டுவதில்லை.

உண்ட கொலாஜன் நேரே முழங்காலுக்குச் சென்று ஒட்டிக்கொள்வதில்லை. இரைப்பையும் குடலும் அதனை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் சிதைக்கின்றன. அத்துண்டுகளுள் சில குருதியில் கலப்பதாகக் காண்கின்றனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் கொலாஜனை நெய்ய வேண்டிய கிளைசினையும் புரோலினையும் உடல் தானே ஆக்கிக்கொள்ள வல்லது. அந்நெசவுக்கு இன்றியமையாத துணை உயிர்ச்சத்து 'சி'. அச்சத்து இன்றிக் கடலில் நெடுநாள் சென்ற மாலுமிகளுக்குப் பல் ஈறு கரைந்து, ஆறிய புண்ணும் பிளந்தது இந்நெசவு நின்றுபோனதால்தான். எம் துணைவர் நாளும் பருகிய நெல்லிச்சாற்றில் அச்சத்து நிரம்ப உண்டு. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஆகவே படியேறச் செய்தது பொடியா, பயிற்சியா, மைந்தன் அனுப்பினான் என்ற மகிழ்ச்சியா என்பதைப் பிரித்தறிய எமக்கு வழியில்லை. மாட்டுத் தோலுக்கு மட்டும் நன்றி சொல்வதற்கும் இல்லை.

இனி அறத்தின் பக்கம் வருவோம். அடுத்த வீட்டு அன்பர் கூறிய நியாயம் இது: மாட்டை இறைச்சிக்காகக் கொல்கின்றனர். தோல் வீணாகப் போவது. அதைப் பொடியாக்கினால் உங்களால் ஒரு மாடும் கூடுதலாகச் சாவதில்லை. கேட்பதற்குச் செம்மையாக உள்ளது. நம் தமிழ்ச் சமணர்க்கு இந்நியாயம் புதியதன்று. தாமே கொல்லாத ஊனை உண்பதில் பிழையில்லை என்றுரைத்த பௌத்தரோடு நீலகேசி வாதிட்டது இதனை ஒட்டியே. வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வாங்குவோரையும் விற்போரையும் ஒரே கயிற்றில் பிணைத்தார். இன்றைய வணிகம் அவர்கள் பக்கமே சான்று கூறுகிறது. தோலும் எலும்பும் வீணாகும் பொருள்கள் அல்ல. அவற்றிற்கு விலை உண்டு. கொன்ற விலங்கின் ஒவ்வொரு பகுதிக்கும் விலை கிடைப்பதாலேயே அத்தொழில் நிலைக்கிறது. குப்பையென எறிந்ததற்கு விலை கொடுப்பவன், கொல்லும் கைக்குக் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தவனாகிறான்.

தானே இறந்த மாட்டின் தோலாயின் என் செய்வது என்று அவ்வன்பர் மேலும் கேட்டார். நல்ல வினாவே. அமிர்தசந்திர சூரி தம் புருஷார்த்த சித்யுபாயத்தில் இதனையே எடுத்துக்கொண்டு, இயல்பாய் இறந்த விலங்கின் ஊனிலும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றுவதால் அதனை உண்பதும் இம்சையே என்று முடித்தார். கிருமிகளைக் காட்டும் கருவி தோன்றுவதற்குப் பன்னூற்றாண்டு முன் எழுதியது அது.

மைந்தன் கூறிய நியாயம் வேறு. நாம் அதை உணவாக உண்ணவில்லை, மருந்தாக உண்கிறோம் என்றான். இதற்கு விடை கூறுவது எமக்கு அத்துணை எளிதாயில்லை. ஏனெனில் எம் மாமனார் நீரிழிவினால் துன்புற்றுப் பல்லாண்டு ஊசி போட்டுக்கொண்டவர். 1921-இல் கண்டறியப்பட்ட இன்சுலின், அறுபது ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் 1982-இல்தான் ஒப்புதல் பெற்றது. நம் சமூகத்தில் எத்தனையோ விரதியர் அதற்கு முன் அந்த ஊசியால் உயிர் வாழ்ந்தனர். இன்றும் இதய அறுவையிலும் சிறுநீரகச் சுத்திகரிப்பிலும் குருதி உறையாமல் காக்கும் ஹெப்பாரின், பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவதே. அவர்களை எல்லாம் பிழைபட்டோர் என்று கூற எம் நா எழாது. இவற்றை இங்கு எழுதுவதால் எவரும் மருத்துவர் கொடுத்த மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. மாற்று உண்டா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும், அவ்வளவே.

ஆயினும் அந்த ஊசிக்கும் இந்தப் பொடிக்கும் உள்ள தொலைவைக் காணாதிருக்க இயலுமா? அங்கே மாற்றில்லை, நாள் கடந்தால் உயிரில்லை. இங்கே மாற்று உண்டு, உயிருக்கு இடரில்லை, பயனும் ஐயத்திற்குரியது. இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் இம்சையை நால்வகையாகப் பகுத்தனர். அடுப்பு மூட்டுதல் முதலிய இல்லற வினைகளால் வருவது, தொழிலால் வருவது, தற்காப்பால் வருவது ஆகிய மூன்றிலும் இயன்ற அளவு குறைக்கவும், எண்ணித் துணிந்து செய்வதாகிய சங்கல்ப இம்சையை அறவே விடவும் விதித்தனர். தோல் என்று அறிந்த பின்னும் தோற்சுருக்கம் நீங்குவதற்காக ஒரு கரண்டி பொடியை எடுப்பவன், இந்நான்கில் எதன்கீழ் வருவான் என்பதைப் படிப்போர் தாமே காணலாம். முழங்கால் வலியோ தோற்சுருக்கத்தைவிடக் கனமானது. அதனை அனுபவித்தவரோடு நாற்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்த எம்மால் அதை இலேசாக எழுத இயலவில்லை. கனமானதுதான், எனினும் வேறொரு பிறவியின் உயிர்க்கு நிகரான கனமன்று என்று எம் துணைவரே கூறினார். வலி அவருடையதாதலால் அவர் கூறலாம். யாம் கூறினால் அது வெற்றுரை.

ஆண்களுக்கென்று இவ்விளம்பரங்கள் தனியே கண்ணி வைப்பதையும் சற்றே பேச வேண்டும். ஒப்பனை நாட்டம் பெண்களுக்கே உரியது என்று நகையாடிய காலம் போயிற்று. ஆணுக்கு 'அழகு' என்று கூறினால் வாங்கமாட்டான் என்பதை வணிகர் அறிவர். 'வலிமை', 'உறுதி', 'செயல்திறன்' என்று பெயர் மாற்றுகின்றனர். டப்பாவும் கருப்பு நிறத்தில் வருகிறது. உள்ளே இருக்கும் பொடி பெண்களுக்கு விற்பதே. யாக்கை நிலையாமையை மனப்பாடமாக ஒப்பித்த நம் ஆடவர், நரைத்த ஒரு மயிரைக் கண்டு கலங்குவதைக் காண நகைப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது. நம் இல்லங்களில் ஊணின் தூய்மையைக் காத்து வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீரை வடிகட்டியதும், பருப்பைப் புழு பார்த்துப் புடைத்ததும், பொழுது சாயுமுன் அடுப்பை அணைத்ததும் அவர்களே. ஆடவர் தம் அலமாரியில் வைத்துத் தாமே கரைத்துப் பருகும் டப்பாக்கள் அந்தச் சமையலறைக் காவலுக்குள் வருவதேயில்லை.

அறியாமல் உண்டது குற்றமா? எம் துணைவரை மிகவும் வருத்தியது இதுவே. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் போவதை மட்டும் கூறாமல் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைக்கிறது. அவருடைய நாற்பது நாள் விழிப்பின்மை, படித்திருக்கலாம், படிக்கவில்லை. ஆயினும் உள்ளத்தில் கொடுமை இல்லை. எம்முடைய ஒன்பது நாள் வேறு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாக வினை கட்டுவதை நாம் சிறுவயதிலிருந்தே ஓதுகிறோம். கொன்றது எங்கோ ஒரு கை, உண்டது ஒரு வாய், இவ்விரண்டுக்கும் இடையே அறிந்தே சாறு பிழிந்த கை எம்முடையது. அதற்கு அன்பு என்று பெயரிட்டிருந்தோம். ஆசிரியப் பயிற்சியில் எமக்கு ஒன்று கற்பித்தார்கள்: பிள்ளை தவறான விடை எழுதினால் உடனே திருத்தாதே, எந்த வழியில் அங்கே போய்ச் சேர்ந்தான் என்று கண்டுபிடி என்று. எம் வழியை யாமே கண்டபோது, அவர் நலத்திற்காக மறைத்தோம் என்பது பாதியே என்று தெரிந்தது. மீதிப்பாதி, அவர் முகத்தில் மீண்டும் பழைய வாட்டத்தைக் காண எமக்கு மனமில்லை என்பது. அது எம் நலம்.

பெயர்த்தியின் வினாவே கடினமானது. பாலை விடாத நீங்கள் தோலை மட்டும் விடுவது எப்படிப் பொருந்தும் என்றாள். கறவை நின்ற பசுவும், ஏருக்கு வேண்டாத காளைக் கன்றும் இறுதியில் எங்கே செல்கின்றன என்றும் கேட்டாள். திருமணத்திற்கு எடுத்த பட்டுப்புடவையையும், தாத்தாவின் தோல் இடைவாரையும் சுட்டிக் காட்டினாள். எம் ஊரில், வந்தவாசிப் பக்கத்தில், யாம் சிறுமியாய் இருந்தபோது பசு கிழடாகிச் சாகும்வரை தொழுவத்திலேயே இருந்தது. கன்று குடித்த மிச்சமே எமக்கு. அந்தப் பாலைக் குறித்து எழுதிய அறத்தைக் கொண்டு இன்று உறையில் வரும் பாலுக்கு வாதாட இயலாது என்பதை ஒப்புக்கொண்டோம். இடைவாரை அவர் அன்றே மாற்றிக்கொண்டார், இப்போது துணிவார். புடவையை யாம் உடுத்துவதில்லை. ஆயினும் வேறெவர்க்கும் கொடுக்கவும் மனமின்றிப் பெட்டியில் வைத்துள்ளோம். பாலை விடவில்லை. ஒன்றை விட இயலாதவன் மற்றொன்றையும் விடாதிருக்க வேண்டும் என்பது நியாயமன்று என்று அவளிடம் கூறினோம். அதற்கு அவள், சரி பாட்டி, ஆனால் அடுத்தது எப்போது என்று கேட்டாள். இதற்கு விடை அறிந்த பெரியோர் இவ்விதழுக்கு எழுதுவாராயின் நன்றியுடையோம்.

வாங்குவோர் காண வேண்டியவை சிலவற்றைக் கூறுவது பயன்படும். நம் நாட்டில் விற்கும் சத்துணவுப் பொடிகள் உணவுச் சட்டத்தின்கீழ் வருவதால், பச்சைப் புள்ளியோ அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணமோ இருந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் டப்பாவில் அக்குறி இராது. அங்கே சிற்றெழுத்தே கதி. மூட்டு வலிக்குத் தரும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுப்பது. உடன் சேர்க்கும் காண்ட்ராய்ட்டின் விலங்குக் குருத்தெலும்பு. மெத்தென்ற உயிர்ச்சத்து 'ஈ' உருண்டைகளின் உறையும், பல மருந்துகளின் உறையும் ஜெலட்டின். மரநாரிலிருந்து செய்த உறைகளும் கிடைக்கின்றன, கேட்டால் கடைக்காரர் தேடித் தருவார். 'தாவரக் கொலாஜன்' என்று விற்பவற்றுள் பெரும்பாலானவற்றில் கொலாஜன் இல்லை; உடல் தானே அதை ஆக்கிக்கொள்ளத் துணைசெய்யும் சத்துகளே உள்ளன. அதற்கு அத்தனை விலை கொடுப்பதைவிட நெல்லியும் கொய்யாவும் உளுந்தும் மலிவு.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும் என்றால், ஓரளவே. உயிர்காக்கும் மருந்துகள் நீங்கலாக ஏனைய மருந்துகளிலும் ஒப்பனைப் பொருள்களிலும் சைவ அசைவக் குறி இட வேண்டுமெனத் தில்லி உயர்நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2013-இல் அதனை ஏற்கவில்லை. உணவைப் பொறுத்தவரை, எத்துணைச் சிறிய அளவினதாயினும் மூலப்பொருள் தாவரமா விலங்கா என்பதைத் தெரிவிக்க வேண்டுமெனத் தில்லி உயர்நீதிமன்றமே 2021 டிசம்பரில் ஆணையிட்டது. உண்பவன் அறிந்து உண்ண உரிமையுடையவன் என்பதை நீதிமன்றம் ஏற்றது நமக்கு ஆறுதல்.

திறக்காத இரண்டாம் டப்பா எம் இல்லத்தில் பல நாள் கிடந்தது. அடுத்த வீட்டு அன்பர் ஞாயிறுதோறும் ஆட்டிறைச்சி உண்பவர். விலையுயர்ந்த பொருளை வீணாக்காமல் தமக்குத் தருமாறு கேட்டார். எம் துணைவர் இரண்டு நாள் யோசித்தார். கொடுத்தால் செய்வித்ததாகும் என்று அஞ்சினார். எறிந்தால், உயிர் போனதும் வீண், பொருளும் வீண் என்று வருந்தினார். இறுதியில் அதில் உள்ளது யாதென்று அவரிடம் விளங்கச் சொல்லி, தம்மால் கொடுக்க இயலாது என்றும் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பொடியைப் பின்புறத்து மண்ணில் கொட்டிப் புதைத்தார். அன்பருக்குச் சற்று வருத்தம்தான். இரண்டு வாரம் பேசவில்லை, இப்போது பேசுகிறார். எம் துணைவர் செய்தது சரியா என்பதில் எமக்கே இன்னும் தெளிவில்லை.

பொடியை நிறுத்தி மூன்று திங்கள் ஆகின்றன. வலி நீங்கிற்று என்று எழுத எமக்கும் ஆசைதான். ஆயின் அது உண்மையன்று. நாற்காலிப் பயிற்சியையும் நெல்லிச்சாற்றையும் விடவில்லை. சில நாள் கைப்பிடி பற்றாமல் படியேறுகிறார், மழைநாளில் பற்றுகிறார். காலையில் பணிமனை வரை நடந்து திரும்புகிறார். வழியில் மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டே நடப்பதாகவும், எந்தத் தூணில் வலி தொடங்குகிறதோ அதுவே அன்றைய மதிப்பெண் என்றும் சொல்லுகிறார். தையில் பொன்னூருக்குச் செல்ல இருக்கிறோம். மலையேறுவாரா, அடிவாரத்தில் நிற்பாரா என்பது அன்று காலையில்தான் தெரியும். தடி ஒன்று புதிதாக வாங்கி வைத்துள்ளார், மூங்கிற்றடி.